கேம் கேள்வி பதில்: காசு கொடுத்தது நாம், சாவி அவர்களிடம்

ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் ரீஃபண்ட் கிடைக்கும் என்கிறார்கள். அந்த 2 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? ‘ஷேடர் தயாராகிறது, காத்திருக்கவும்’ என்று திரை நிற்கும் நேரமும் சேருமா?
– கோவை வாசகர்

சேரும். கேம் ஓடிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் ஸ்டீமுக்குத் தெரியும். நீங்கள் எதிரியைச் சுடுகிறீர்களா, மெனுவைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறீர்களா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ கணினிக்கு வந்தபோது பெரிய புகாரே இதுதான். சுமாரான பிராசஸர் வைத்திருந்தவர்களுக்கு ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்) தயாரிப்பே ரீஃபண்ட் நேரத்தில் பெரும்பங்கைத் தின்றுவிட்டது.

விதி இது: வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் கீழ், இரண்டும் பொருந்த வேண்டும். முன்பதிவு செய்திருந்தால் வெளியாகும் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 14 நாள் கணக்கு வெளியீட்டு நாளிலிருந்துதான். கூடுதல் விலை கொடுத்து மூன்று நாள் முன்னதாக ஆடும் ‘அட்வான்ஸ்டு ஆக்சஸ்’ நேரம் முன்பு கணக்கில் வராமல் இருந்தது. சிலர் அந்த மூன்று நாளில் கேமையே முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்டார்கள். 2024 ஏப்ரலில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

ஆகவே முதல் ஒன்றரை மணி நேரத்தைக் கதை பார்ப்பதில் செலவழிக்காதீர்கள். ஷேடர் முடிந்ததும் நேராக கிராஃபிக்ஸ் மெனுவுக்குப் போய் உங்கள் ரெசல்யூஷனை வையுங்கள். அறிமுகக் காட்சிகளைத் தாண்டி, திறந்தவெளியோ கூட்டமான ஊரோ வரும்வரை ஓடுங்கள். எல்லா கேமும் முதல் குகைக்குள் வழவழவென்றுதான் ஓடும், சாயம் வெளுப்பது ஊருக்குள் நுழையும்போதுதான். ஒருமுறை சேவ் செய்து, வெளியே வந்து, மறுபடி லோடு செய்து பாருங்கள். கன்ட்ரோலர் வைத்திருந்தால் அதையும் சொருகிப் பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1 மணி 45 நிமிடத்தில் கேமை மூடிவிட்டு யோசியுங்கள்.

மற்ற கடைகளையும் சொல்லிவிடுகிறோம். எபிக்கிலும் 14 நாள், 2 மணி நேரம்தான். ஜிஓஜி 30 நாள் தருகிறது, ஆடியிருந்தாலும் பரவாயில்லை. பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் உண்டு; ஆனால் டவுன்லோடைத் தொடங்கிவிட்டால், கேம் பழுதாக இருந்தால் ஒழிய அந்த உரிமை போய்விடும். அதனால் பிஎஸ்5-ல் தானியங்கி டவுன்லோடை நிறுத்திவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.


ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி ராம் வைத்திருக்கிறேன். மூலையில் 90 ஃபிரேம் என்று காட்டுகிறது. ஆனாலும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. கார்டு போய்விட்டதா?
– ஆவடி வாசகர்

கார்டு நன்றாகத்தான் இருக்கும். அந்த 90 என்பது ஒரு செகண்டுக்கு எத்தனை படம் (ஃபிரேம்) வருகிறது என்பதன் சராசரி. 60 ஃபிரேமில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லி செகண்டில் வர வேண்டும். ஒரு செகண்டில் ஒரே ஒரு படம் 100 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டால் சராசரி பெரிதாக இறங்காது, கண்ணுக்கு மட்டும் ‘டக்’கென்று இடிக்கும். எனவே எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஃபிரேம்டைம் (ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரம்) வரைபடத்தை இயக்குங்கள். கோடு தட்டையாக ஓடினால் நல்லது. ஊசி ஊசியாக எழும்பினால், எப்போது எழும்புகிறது என்று கவனியுங்கள். வியாதி அதில்தான் தெரியும்.

ஒரு விஷயம் முதல்முறை நடக்கும்போது மட்டும் இடித்து (முதல் வெடிப்பு, முதல் மந்திரம், புது எதிரி), மறுமுறை இடிக்கவில்லை என்றால் அது ஷேடர் கோளாறு. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில், குறிப்பாக அன்ரியல் எஞ்சினில் செய்தவற்றில், ஒவ்வொரு காட்சிக்கும் வேண்டிய சிறு நிரல்களை உங்கள் கார்டுக்கும் டிரைவருக்கும் ஏற்றபடி உங்கள் கணினியிலேயே தயாரிக்க வேண்டும். முன்கூட்டியே தயாரித்து வைக்காத கேம், ஆட்டத்தின் நடுவில் நின்று தயாரிக்கும். தொடக்கத்தில் ஷேடர் தயாராகும் பட்டை ஓடினால் அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் அளவை 10 ஜிபி ஆக்குங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினால் பழைய ஷேடர்கள் செல்லாமல் போய், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஆகவே பாதி ஆட்டத்தில், காரணமில்லாமல், புது டிரைவர் போடாதீர்கள். ‘எல்டன் ரிங்’ 2022-ல் வந்தபோது விலை உயர்ந்த கணினிகளில் திக்கியது, ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் அவ்வளவு திக்கவில்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே சிப் என்பதால் தயாரான ஷேடர்களையே ஸ்டீமின் உரிமையாளரான வால்வ் அனுப்பிவிடுவது அதற்கு ஒரு காரணம்.

அதே வாசலை, அதே தெருமுனையைக் கடக்கும்போதெல்லாம் இடிக்கிறதா? அது அடுத்த பகுதியை டிஸ்கிலிருந்து ஏற்றும் திணறல். கேம் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே எஸ்எஸ்டி என்றால் அது கேமின் குறை, பேட்ச் (நிறுவனம் தரும் திருத்தம்) வரக் காத்திருப்பதைத் தவிர நீங்கள் செய்வதற்கு அதிகமில்லை.

முதல் அரை மணி நேரம் சரியாக ஓடி, பிறகு மோசமாகி, சுவர்களெல்லாம் மங்கலாகத் தெரிகிறதா? 8 ஜிபி விடியோ மெமரி நிரம்பி வழிகிறது. இங்கே 4060-க்கு ஒரு தனிப் பலவீனம் உண்டு. அந்தக் கார்டு, தன்னை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் 16-க்குப் பதில் 8 லேன்தான் (தடம்) பயன்படுத்தும். பிசிஐஇ 4.0 மதர்போர்டில் வித்தியாசம் அதிகம் தெரியாது. பழைய 3.0 மதர்போர்டில், மெமரி வழிந்து கணினி ராமுக்குப் போய்வர ஆரம்பித்ததும் அடி பலமாக விழும். டெக்ஸ்ச்சரை (சுவர், தரை போன்ற பரப்புகளின் படத் தரம்) ‘அல்ட்ரா’விலிருந்து ‘ஹை’க்கு ஒரு படி இறக்குங்கள். மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

எப்போதும் சீராக மோசம் என்றால் ராமைப் பாருங்கள். ஒரே ஒரு 16 ஜிபி குச்சி போட்டிருந்தால் ஒற்றைச் சேனலில் ஓடும். இரண்டு 8 ஜிபி மேல். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் சொருக வேண்டும். கடையில் அசெம்பிள் செய்து கொடுப்பவர்கள் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் சொருகித் தருவதும், பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பைப் போட மறப்பதும் சர்வசாதாரணம்.


ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் ஃபிரேம் இரண்டு மடங்கு ஆகிறதே, பிறகு ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?
– சேலம் வாசகர்

இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவே ஒரு கற்பனைப் படத்தைச் செருகும் வித்தை அது. நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த நிஜப் படம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் கண்ணுக்கு வழுக்கும், கைக்கு இழுக்கும். அது இல்லாமலே 60 ஃபிரேம் வருகிறதென்றால், 120 ஹெர்ட்ஸ் மானிட்டரை நிரப்ப அருமையான சங்கதி. 30-ஐ 60 ஆக்கப் போட்டால் சேற்றில் நடப்பதுபோல் இருக்கும்.

திட்டுவது வித்தையை அல்ல, அதை ஊன்றுகோலாக்கிய நிறுவனங்களை. 2025 பிப்ரவரியில் வந்த ‘மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்’, பரிந்துரைக்கும் கணினிக்கு 1080பி-யில் 60 ஃபிரேம் என்று அறிவித்துவிட்டு, அதுவும் ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால்தான் என்று கூடவே எழுதியிருந்தது. கேம் வாங்கும்முன் தேவைப் பட்டியலில் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். சிறிய படத்தை உருவாக்கிப் பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கதையும் கிட்டத்தட்ட அதுதான். 1080பி மானிட்டரில் ‘குவாலிட்டி’ என்றால் உள்ளே உருவாவது 720பி, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்றால் 540பி. 1440பி, 4கே-யில் இது அழகாக இருக்கும். 1080பி-யில் ‘குவாலிட்டி’க்குக் கீழே இறங்க வேண்டாம்.


பேட்டில்ஃபீல்டு 6 ‘செக்யூர் பூட் இல்லை’ என்று திறக்க மறுக்கிறது. பயாஸில் போய் மாற்றினால் விண்டோஸே வராமல் போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?
– மதுரை வாசகர்

செக்யூர் பூட் என்பது கணினி எழும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் காவல். நண்பர் சொல்வது, வரிசை தப்பினால் உண்மை. வரிசைப்படி செய்தால் அரை மணி நேர வேலை.

முதலில், எதையும் மாற்றாமல், ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘யூஇஎஃப்ஐ’ என்று இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘லெகசி’ என்று இருந்தால் உங்கள் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறைக்கு இடம் கொடுக்கும் அமைப்பு) நிறுத்தினால், நண்பர் சொன்னதுபோல் விண்டோஸ் வராது. அப்படி ஆகிவிட்டாலும் அலற வேண்டாம்; சிஎஸ்எம்-ஐத் திரும்ப இயக்கினால் பழையபடி வந்துவிடும்.

லெகசி என்றால் டிஸ்கை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பு முதலே அதற்கான கருவி கூடவே வருகிறது, பெயர் எம்பிஆர்2ஜிபிடி. முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கருவியை முதலில் ‘வேலிடேட்’ கட்டளையோடு ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வதால் ‘அலவ்ஃபுல்ஓஎஸ்’ என்பதையும் சேர்க்க வேண்டும். இது வெறும் சோதனை, எதையும் மாற்றாது. பெரும்பாலும் இங்கே தடுக்குவது பார்ட்டிஷன் எண்ணிக்கைதான்: அந்த டிஸ்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக்கூடாது. சோதனை தேறினால் மட்டும் ‘கன்வர்ட்’.

மாற்றம் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து நேரே பயாஸ். சிஎஸ்எம்-ஐ நிறுத்துங்கள், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பை இயக்குங்கள் (இன்டெல் போர்டில் ‘பிடிடி’, ஏஎம்டி போர்டில் ‘எஃப்டிபிஎம்’ என்று இருக்கும்), பிறகு செக்யூர் பூட். சில போர்டுகளில் ‘எனேபிள்டு’ என்று ஒரு வரியும் ‘நாட் ஆக்டிவ்’ என்று அடுத்த வரியும் காட்டிக் குழப்பும். சாவிகள் ஏறவில்லை என்று அர்த்தம். ‘ரெஸ்டோர் ஃபாக்டரி கீஸ்’ கொடுத்து சேவ் செய்தால் சரியாகும். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு என்றால் சிஎஸ்எம் இல்லாமல் திரையே வராது. அந்தக் கார்டில் இந்த கேம் எப்படியும் ஓடப்போவதில்லை.

இவ்வளவும் எதற்கு? விண்டோஸ் எழுவதற்கு முன்பே உள்ளே புகுந்து ஒளிந்துகொள்ளும் ஏமாற்று மென்பொருள்களைத் தடுக்க. வலோரன்ட் என்ற துப்பாக்கி கேம் விண்டோஸ் 11-ல் இதை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கேமுக்காகக் கணினியின் அடிமடியில் கை வைக்க விடுவதா என்ற கேள்வி நியாயமானதே. ரேங்க் ஆட்டமே வாழ்க்கை என்பவருக்கு நாங்கள் ‘சரி’ என்போம். வங்கி வேலையும் அலுவலக வேலையும் அதே கணினியில் செய்து, வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஆடுபவர் என்றால் கன்சோலே மேல்.


நாம் வாங்கிய கேமை நிறுவனம் ஒருநாள் பிடுங்கிக்கொள்ள முடியுமா? சட்டப்படி அது நம் சொத்து இல்லையா?
– திருச்சி வாசகர்

முடியும், நடந்தும் இருக்கிறது. யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ 2014-ல் வந்த கார் பந்தய கேம். தனியாக ஆடினாலும் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள், டிஸ்க் வைத்திருந்தவர்களின் கையிலும் மிஞ்சியது வட்டத் தகடு மட்டுமே. அடுத்த மாதமே ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்களது மனுவுக்கு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது. கேட்பது என்றென்றைக்கும் சர்வர் நடத்தச் சொல்லி அல்ல. மூடும்போது கேமை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போகச் சொல்லித்தான்.

முடியாத காரியமும் அல்ல. ‘நாக்அவுட் சிட்டி’ 2023 ஜூனில் மூடப்பட்டபோது, ஆட்டக்காரர்களே சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ‘சூசைட் ஸ்குவாட்’ கேமுக்கு 2024 டிசம்பரில் ஆஃப்லைன் முறை வந்தது. சோனியின் ‘கான்கார்ட்’ இன்னொரு ரகம்: 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியாகி, செப்டம்பர் 6-ல் அணைக்கப்பட்டது. கல்யாண வீட்டுப் பந்தலே அதைவிட நாள் நிற்கும். ஆனால் முழுப் பணமும் திரும்பக் கொடுத்தார்கள், அந்த மரியாதையைச் சொல்லியாக வேண்டும்.

சொத்து என்ற கேள்விக்கு ஸ்டீமே பதில் சொல்லிவிட்டது. நீங்கள் வாங்குவது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை என்று 2024 அக்டோபர் முதல் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இப்படிச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்ற சொல்லைப் போடக்கூடாது என்ற கலிஃபோர்னியாச் சட்டம் 2025 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது.

உங்களால் ஆனது: தனி ஆட்டக் கதை கேம் என்றால் ஜிஓஜியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி வெளி டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். கடையே மூடினாலும் ஓடும். ஸ்டீம் என்றால் கடைப் பக்கத்தின் வலது ஓரத்தில் டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு), வெளிக்கணக்கு பற்றிய பெட்டியைப் படியுங்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வைத்திருப்பவர்கள் அட்டைப்பெட்டியின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ‘கேம்-கீ கார்டு’ என்று இருந்தால் உள்ளே இருப்பது சாவி மட்டும். கேமை டவுன்லோடு செய்ய வேண்டும். ‘சைபர்பங்க் 2077’ மாதிரி முழு கேமையும் 64 ஜிபி கார்டில் தருபவர்களும் இருக்கிறார்கள்.


ஸ்டீமில் இருக்கும் சோனி கேம்களுக்கு பிஎஸ்என் (சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கு வேண்டுமாமே. இலங்கையிலிருந்து என்ன செய்வது?
– யாழ்ப்பாண வாசகர்

பிஎஸ்என் சேவை உள்ள நாடுகளில் இந்தியா உண்டு, இலங்கை இல்லை. 2024 மே மாதம் ‘ஹெல்டைவர்ஸ் 2’வுக்கு பிஎஸ்என் கட்டாயம் என்று சோனி அறிவித்து, சில நாளில் பின்வாங்கியது நினைவிருக்கும். 2025 ஜனவரியில் ‘காட் ஆஃப் வார் ரக்னராக்’ உள்ளிட்ட சில கேம்களுக்கும் கட்டாயத்தை நீக்கினார்கள். ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வில் கதை ஆட்டத்துக்குத் தேவையில்லை, பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்கு மட்டும் வேண்டும். வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறப்பது விதிக்கு மாறானது, பிறகு நாட்டை மாற்றவும் முடியாது. அதன் மேல் பணத்தைக் கொட்டாதீர்கள்.


என் மகன் கென்ஷின் இம்பாக்ட் ஆடுகிறான். ஒரு பாத்திரம் கிடைக்கக் காசு கேட்கிறான். உண்மையில் எவ்வளவு ஆகும்?
– திருநெல்வேலி வாசகி

கணக்குப் போட்டே காட்டுகிறோம் அம்மா, மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பாத்திரம் கிடைப்பது குலுக்கலில். ஒருமுறை இழுக்க 160 பிரைமோஜெம் (கேமுக்குள் செல்லும் காசு). ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழும் வாய்ப்பு 0.6 சதவீதம். அந்த வாய்ப்பை மட்டும் நம்பி 90 முறை இழுத்தால், கிடைக்காமல் போக 58 சதவீதச் சாத்தியம். அதனால்தான் 90-வது இழுப்பில் உறுதியாகத் தருவோம் என்று ‘பிட்டி’ வைத்திருக்கிறார்கள். ஆனால் விழுவது அவன் கேட்ட பாத்திரமாக இருப்பது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. தவறினால் அடுத்த ஐந்து நட்சத்திரம் நிச்சயம் அவன் கேட்டதுதான். மோசமான நிலையில் 180 இழுப்பு, அதாவது 28,800 ஜெம்.

பெரிய பொட்டலம் ஏறக்குறைய 100 டாலர். முதல்முறைச் சலுகை தீர்ந்தபின் அதில் 8,080 கிடைக்கும். ஆக நான்கு பொட்டலம், 400 டாலர், ஒரு பாத்திரத்துக்கு. காசில்லாமல் தினசரி வேலைகளில் கிடைப்பது 60. அதை மட்டும் சேர்த்தால் 480 நாள். மாதம் 5 டாலர் அட்டை வாங்கினால் தினம் 90 கூடும், 192 நாளில் எட்டிவிடலாம். திருவிழாப் பரிசுகள் வந்தால் இன்னும் குறையும். ஒரு பேனரில் (குறிப்பிட்ட பாத்திரத்துக்கான குலுக்கல்) சேர்ந்த எண்ணிக்கை அதே வகை அடுத்த பேனருக்கும் தொடரும். ஆகவே ‘இன்றைக்கே இழுக்காவிட்டால் எல்லாம் போச்சு’ என்று மகன் சொன்னால் அது கதை.

இதன் நிறுவனத்துக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் அபராதம் விதித்து, 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி லூட் பாக்ஸ் (உள்ளே என்ன விழும் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் பெட்டி) விற்கக்கூடாது என்றது. உங்கள் போனில் செய்ய வேண்டியது: ப்ளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள், சேமித்த கார்டையும் யுபிஐயையும் எடுத்துவிடுங்கள். ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ கட்டுப்பாடுகளுக்குள் ‘இன்-ஆப் பர்சேஸ்’ வரியை ‘டோன்ட் அலவ்’ ஆக்குங்கள். செலவுக்குக் கிஃப்ட் கார்டாகக் கொடுத்தால் தீர்ந்ததும் நின்றுவிடும்.


2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தால் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) நின்றுவிடுமா?
– ஈரோடு வாசகர்

நிற்காது. அந்தச் சட்டம் தடுப்பது பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களை, அது திறமையாட்டமாக இருந்தாலும் சரி. இ-ஸ்போர்ட்ஸைத் (போட்டியாக நடக்கும் கேம் விளையாட்டு) தனியாக அங்கீகரிக்கிறது. பிஜிஎம்ஐயில் துப்பாக்கிக்குச் சாயம் பூசக் காசு கொடுப்பது வீண்செலவாக இருக்கலாம், பணம் வெல்லும் ஆட்டம் ஆகாது.


கேம் விலை 80 டாலரைத் தொடுகிறதே, அவ்வளவு தரம் இருக்கிறதா?
– புதுச்சேரி வாசகர்

2025-ல் ‘மரியோ கார்ட் வேர்ல்டு’ 80 டாலருக்கு வந்தது. ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’ 80 என்று அறிவித்து, எதிர்ப்பைப் பார்த்து 70-க்கு இறங்கியது. அதே ஆண்டு பிரான்சின் மான்ட்பெல்லியேவிலிருந்து ‘எக்ஸ்பெடிஷன் 33’ 50 டாலருக்கு வந்து கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் பரிசை அள்ளியது. ‘சில்க்சாங்’ 20 டாலர். வெளியான அன்று கூட்டம் தாங்காமல் கடைகளே படுத்துவிட்டன. விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவு இவ்வளவுதான். 80 டாலர் கேம் கட்டாயம் வேண்டுமென்றால் ஆறு மாதம் பொறுங்கள். பேட்சும் வந்திருக்கும், பெரும்பாலும் தள்ளுபடியும் வந்திருக்கும். நின்டெண்டோவின் சொந்த கேம்களுக்கு மட்டும் இது பொருந்தாது. ஆறு வருடம் பொறுத்தாலும் அவர்கள் பெரிதாக இறங்கமாட்டார்கள்.